எதிர்வீட்டில் நாற்றமே வந்ததில்லை

நாய்க்குட்டி மூத்திரம் போகும் துணி விரிப்பைத் துவைத்துத் துவைத்து எனக்கு வெறுத்துவிட்டது. மலேசியாவில், ஜொகூர் பாருவில் பத்தாவது மாடி வீடு. "நாத்தம் நிக்கலன்னா இந்த வாரமே நாயை அனுப்பிடுங்க" என்று அடுக்குமாடி நிர்வாகம் சொல்லிவிட்டது. கதவு, ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டு நானும் குட்டியும் உள்ளே வெந்தோம். வாசனைக்காக, துணியை மென்மையாக்கும் சோப்டனரை மூடி மூடியாக ஊற்றினேன். நாற்றம் கூடியது.

எதிர்வீட்டு மேரி அக்காதான் புகார் கொடுத்தார் என்று நினைத்து, அவர் வாசலில் போய்க் கத்தினேன்.

அவர் திருப்பிக் கத்தவில்லை. "சோப்டனரா ஊத்துறீங்க? அலமாக்! அது பிசுக்கு மாதிரி ஒட்டிக்கிட்டு நாத்தத்த வெளிய விடாதுலா. வெள்ளை வினிகர் கலந்த தண்ணில ஊறவச்சு அலசுங்க. அப்புறம் சோப்பு போட்டுத் துவைச்சு வெயில்ல காயவைங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள வந்து பாருங்க."

கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடமாம்; எல்லாம் படுக்கையிலேயேதானாம்.

அவர் சொன்னபடி துவைத்ததும் விரிப்பின் நாற்றம் போய்விட்டது. குட்டியும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் மூன்று வருடம் எதிரிலேயே குடியிருந்தும், நாற்றம் வராததால் அப்படி ஒரு மனிதர் அங்கே கிடப்பதே எனக்குத் தெரியவில்லை.