'நெயான்' என்று நான் நிரப்பிய கட்டம்

"மற்ற வலிகள்: நெயான்." 1986 ஜூன் 14 தேதியிட்ட மருத்துவப் படிவத்தின் நகலில், பதினோராவது கட்டத்தில், என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது. நெயான் என்றால் பிரெஞ்சில் 'ஏதுமில்லை'. காரைக்காலில் மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். அங்கே எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. விட்டால் பிறகு யாராவது எதையாவது எழுதிச் சேர்த்துவிடுவார்கள். சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் நெயான் எழுதிக் கோடு இழுத்துவிடுவோம்.

படிவம் என் மனைவிக்கானது. வலது முழங்கால் மூட்டு தேய்ந்து, மாதா கோவிலின் மூன்று படிகளைக்கூட ஏற முடியாமல் இருந்தாள். எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பிரான்சில் இருந்த அவள் அண்ணன், அங்கேயே செயற்கை மூட்டு வைக்க ஏற்பாடு செய்தார். தலத்தெரு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் கேட்டு நிரப்பினேன்.

"வேற எங்கயாவது வலி உண்டா?"

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதாங்க."

நெயான் எழுதினேன்.

ஆகஸ்ட் நடுவில் அறுவை நடந்தது. அக்டோபர் 4 அன்று அண்ணன் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போனார். தையல் ஆறியிருந்தது. எக்ஸ்ரேயில் மூட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஆனால் கால் அறுபது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. மருத்துவர் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார்: நவம்பர் 20க்குள் தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரவேண்டும், மயக்க மருந்து கொடுத்துக் காலை அழுத்தி மடக்க நேரிடும். அவளுக்கு அந்த மயக்க மருந்தை நினைத்தாலே நடுக்கம். அறுவைக்குக் கொடுத்தபோது மூன்று நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்திருக்கிறாள்.

பள்ளிக்கூடப் பாகைமானி ஒன்றும் நோட்டு ஒன்றும் எடுத்துக்கொண்டேன். காலையும் மாலையும் கணுக்காலைப் பிடித்து மடக்குவேன், அளப்பேன், எழுதுவேன். 62. 64. 64. மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் 58. வலி நாளாக நாளாகக் குறையும் என்றது கடிதம். அவளுக்கோ கூடிக்கொண்டு போனது. அவள் முயலவில்லை என்று நினைத்தேன். சொல்லியும்விட்டேன்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு மடக்கு. எல்லாரும் மடக்குறாங்க."

"அந்த எல்லாரையும் இங்க வந்து படுக்கச் சொல்லுங்க."

நவம்பர் 9, ஞாயிறு. திருமலைராயன்பட்டினத்திலிருந்து அவள் தங்கை வந்திருந்தாள். நான் ஒரு கையால் காலை மடக்கினேன். நழுவாமலிருக்க மறு கையை மனைவியின் தோளில் வைத்திருந்தேன். அலறினாள். காலை விட்டேன்.

"கால் இல்லீங்க, தோளை விடுங்க! தோளை!"

தோளில் என் கை சும்மாதான் இருந்தது. தங்கை எழுந்து வந்தாள்.

"அத்தான், அவ தோள்ல கை வெக்காதீங்க. முதுகுலயும் வெக்காதீங்க. நான் எண்ணெய் தடவுறப்பவே பட்டும் படாமத்தான் தடவுவேன். இத்தனை வருஷத்துல ஒங்களுக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட யாரு சொன்னா?"

"ஊருல உள்ள சாவெல்லாம் தேதி தப்பாம எழுதுனீங்களே. வீட்டுல உசுரோட ஒருத்தி முனகுனது காதுல விழலையாக்கும்."

மனைவி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். பிறகுதான் முறையாகக் கேட்டேன். கழுத்து, இரண்டு தோள், இடுப்பு, மணிக்கட்டு. காலையில் எழும்போது யாரோ அடித்துப் போட்டதுபோல் இருக்குமாம்.

"சொன்னா ஆபரேஷன் வேணாம்னுடுவாங்களோன்னு பயம். நீங்களும் அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்க."

அன்றே மருத்துவருக்கு எழுதினேன். பதினோராவது கட்டம் பிழை, பிழை என்னுடையது. அதன்பின் அவள் காலை நான் தொடவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின், பாதத்தில் துண்டை மாட்டி அவளே இழுத்துக்கொண்டாள். வலிக்கும் இடத்தில் அவளே நிறுத்தினாள். 65. 66. 68.

நவம்பர் 20 வந்தது. 71. மருத்துவரின் பதில் வரவில்லை. டிக்கெட் எடுக்கட்டுமா என்று அண்ணன் தந்தி அடித்தார். "பதில் வராம நான் ஏற மாட்டேன்னு அடிங்க" என்றாள். அப்படியே அடித்தேன். மூட்டு இறுகிப் போனால் அந்தத் தந்தியும் என் கணக்கில்தான் சேரும் என்று தெரிந்தே அடித்தேன்.

27ஆம் தேதி கடிதம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். ஏற்கெனவே உடம்பு முழுக்க வலி உள்ளவர்களுக்கு, மூட்டு நன்றாகப் பொருந்தினாலும் வலி மெதுவாகத்தான் அடங்குகிறது, சிலருக்கு முழுதாக அடங்குவதேயில்லை. இது அவருடைய அனுபவம். அழுத்தி மடக்க வேண்டாம். வர வேண்டாம். இப்போது செய்வதையே செய்யட்டும்.

அடுத்த ஈஸ்டருக்கு 86 டிகிரி. மாதா கோவிலின் மூன்று படிகளையும் ஏறினாள், வலியோடுதான்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இந்த வலி எந்த ஆண்டு தொடங்கியது? இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என்கிறாள் மனைவி, அப்படியானால் 1971. கல்யாணத்துக்கு முன்பே என்கிறாள் தங்கை. என் நாட்குறிப்பில் முதலில் தென்படுவது 1974 பிப்ரவரியில், ஒரே வரி: "தோள்வலி என்றாள். தைலம்." மூன்றில் எதையும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை. பதில் எழுதியபோது ஆண்டுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன். என்னிடம் உள்ள நகலில் அது இன்றும் அப்படியே இருக்கிறது.