தேன் பானையில் கட்டியிருந்த தாள்

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், கடுக்காய் மாத்திரை செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் தரக்கட்டுப்பாடு என் வேலை. பிரித்துச் சொன்னால் மூன்று வேலைகள்: மருந்தைச் சோதிப்பது, சோதித்ததை எழுதுவது, மற்றவர்கள் எழுதியது அந்தந்த நேரத்தில் எழுதப்பட்டதுதானா என்று பார்ப்பது. படிக்கும்போது முதலாவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் மாத்திரையை மொத்தமாக வாங்கிக்கொள்ளச் சென்னையில் ஒரு நிறுவனம் முன்வந்தது. அவர்களுடைய தணிக்கையாளர் மலையேறி வந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் ஆர்டர். அதற்கு முந்தைய வாரம் எல்லோரையும் கூட்டி, "எல்லாம் சுத்தமா இருக்கணும்" என்றேன். தரை, தொப்பி, நகம் என்று என் மனதில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் பதிவுத் தாள்கள் இல்லை.

உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தாள்களையும் சேர்த்துக்கொண்டார். அரை மணிக்கு ஒருமுறை சூட்டைப் பார்த்து எழுத வேண்டியவர் அவர். ஈரக் கடுக்காய்ப் பொடியோடு இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் விரல் மை பூசியதுபோல் கறுத்துவிடும். அந்த விரலோடு எழுதினால் தாளும் அப்படியே ஆகும். அவருடைய தாள்கள் எல்லாமே கட்டைவிரல் தடங்களும் அடித்தல்களுமாகத்தான் இருக்கும்.

தணிக்கை அன்று காலை கோப்பைத் திறந்தால், உள்ளே இருந்ததெல்லாம் வெள்ளை வெளேரென்ற தாள்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

"அக்கா, இது இன்னா?"

"நல்லா கீதுல்ல பாப்பா? அலமாரியில காலித் தாள் இருந்துச்சி. நாலஞ்சு நாளா வூட்ல ஒக்காந்து எழுதினேன். நீதான சுத்தமா இருக்கணும்ன?"

மற்றவர்கள் முன்னால் நான் 'மேடம்'. தனியாக இருந்தால் 'பாப்பா'.

மழை பெய்த நாளின் தாளைத் தேடி எடுத்தேன். அன்றைக்குக் கரண்ட் போய், சூடு அறுபது டிகிரியிலிருந்து நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. அக்கா உடனே என்னைக் கூப்பிட்டார். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். புதிய தாளில் சூடு இறங்கவே இல்லை, என் கையெழுத்தும் இல்லை. ஆனால் அந்தக் கூடுதல் இரண்டு மணி நேரம் மட்டும் காரணமில்லாமல் அப்படியே இருந்தது.

"நாப்பத்தொண்ணு பாக்க அசிங்கமா இருந்துச்சி. அறுபதுன்னே போட்டுட்டேன்."

செய்த வேலையில் குறையே இல்லை. ஆனால் இந்தத் தாளைப் பார்ப்பவர் போலி என்பார். ஆர்டர் போகும். பதிவை மாற்றி எழுதினால் வேலை போகும் என்ற விதியின் கீழ் அக்காவும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பழசு எங்கக்கா? எரிச்சிட்டீங்களா?"

"ஐய, எதுக்கு எரிக்கணும்? கெட்டிப் பேப்பரு. வூட்லதான் கீது."

அதற்குள் முதலாளி வந்தார். வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடக் கடுக்காய் வாங்கிக்கொண்டிருந்த குடும்பம், இவர் மருந்துக்கு மாறியவர். எல்லோருக்கும் அவர் பாய். தாள்களைப் புரட்டிப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கேம்மா, இதையே வெச்சிடலாமே. அவங்க போளூர் தாண்டிட்டாங்களாம்" என்றார்.

"பாய், அவங்க அக்காவக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டா போதும். அக்காவுக்குப் பொய் வராது."

பாய் அக்காவைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அப்ப ஏன் நிக்கிறீங்க? போங்க. அவங்க வந்தா நான் டீ குடுத்து உக்கார வெக்கிறேன்."

ஸ்கூட்டியில் போனோம். அக்கா வீட்டுச் சுவர் அலமாரியில் பாத்திரங்களுக்கு அடியில் விரித்திருந்தது எல்லாம் எங்கள் தாள்கள். ஒவ்வொரு குண்டானாகத் தூக்கித் தூக்கி உருவினோம். தேதிப்படி அடுக்கினேன். ஒன்று குறைந்தது, மழை நாள்.

வாசலிலிருந்து அவருடைய வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாத்த தேட்றீங்க?"

"ஆபீஸ் பேப்பர்யா."

"கறுப்புக் கறுப்பா இருந்துச்சே, அதுவா? தேன் பானைக்கு நாந்தான் கட்னேன்."

"ஒனக்கு வேற பேப்பரே கெடைக்கலியா?"

"குண்டானுக்கு அடில போட்டது நீ. நான் பானைக்கு மேல போட்டேன். எது மரியாதை?"

நூலை அவிழ்த்தோம். நடுவில் வட்டமாகத் தேன் ஊறியிருந்தது. அதற்குள்ளிருந்து நாற்பத்தொன்று தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் என் கையெழுத்து.

திரும்பும்போது பின்னாலிருந்து அக்கா கேட்டார். "என்ன வேலைய வுட்டு எடுத்துடுவாங்களா பாப்பா?"

எனக்கும் தெரியவில்லை. வளைவுகளைப் பார்த்து ஓட்டினேன்.

தணிக்கையாளர் என் அம்மா வயதுப் பெண்மணி. பாய் ஊற்றிய இரண்டாவது டீயில் இருந்தார். அவர் கேட்பதற்கு முன்பே இரண்டு கட்டுகளையும் மேசையில் வைத்து, எது முதலில் எழுதியது, எது பிறகு எழுதியது, ஏன் என்று சொல்லிவிட்டேன். அவர் மழை நாள் தாளைத் தொட்டார். விரல் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"தேனா?"

"மலைத்தேனுங்க மேடம். கலப்படம் இல்லாதது" என்றார் அக்கா.

பாய் இருமினார்.

"சூடு இறங்கினதும் என்ன பண்ணீங்க?"

"இவங்களக் கூப்டேன். ரெண்டு மணி நேரம் சேத்து ஓட்டச் சொன்னாங்க. ஓட்னேன்."

"அதைத்தானே இந்தத் தாள் சொல்லுது. புதுசு எதுக்கு?"

"அசிங்கமா இருந்துச்சிங்க."

தணிக்கையாளர் புதிய தாளையும் பழைய தாளையும் பக்கம் பக்கமாக வைத்தார். பிறகு, "இந்தக் கறுப்பு விரல் தடத்தைப் பார்த்தா, இயந்திரத்துக்குப் பக்கத்துல நின்னு எழுதினதுன்னு எனக்குத் தெரியுது. வெள்ளைத் தாள்ல எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றார். மதியம்வரை எல்லாவற்றையும் பார்த்தார். போகும்போது ஒரு குறை எழுதினார்: காலித் தாள்கள் எண் இல்லாமல், பூட்டு இல்லாமல் இருக்கின்றன. எழுதும் முறையில் எல்லோருக்கும் மறுபடி பயிற்சி. ஆர்டர் உண்டு. அக்காவின் மேல் நடவடிக்கை என்று ஒரு வரிகூட இல்லை. அறிக்கையை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

"அப்ப இனிமே அசிங்கமாவே எழுதலாமா?" என்று கேட்டார் அக்கா.

"தப்பாப் போச்சின்னா ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியானத எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்க. அடிச்சது கீழ தெரியணும்."

"அவ்ளோதானா?" கேட்டுவிட்டு இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

இப்போது காலித் தாள் அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் எண் உண்டு. தணிக்கை முடிந்த அடுத்த வாரம் கோப்பு அறைச் சுவரில் எறும்புச் சாரை. மழை நாள் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டேன். ஏன் போட்டேன் என்று உறையின் மேல் ஒரு குறிப்பு எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'எறும்பு' என்று இருக்கிறது.