பத்து வந்ததும் உட்கார வேண்டும்

என்னைச் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் உட்கார வைக்க எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. பிளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் கம்ப்யூட்டர் டீச்சருக்கும் அது தெரிந்துவிட்டது. அதனால்தான் அவர் என்னை 'ஐ' ஆக்கினார்.

அது என்ன 'ஐ' என்று சொல்வதற்கு முன் எங்கள் லேபைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பத்தில் ஒரு பெண்கள் பள்ளி. தொண்ணூற்று ஒன்பதில் அங்கே கம்ப்யூட்டர் குரூப் ஆரம்பித்தார்கள், நாங்கள்தான் முதல் செட். ஒரு வகுப்புக்கு மொத்தம் மூன்று கம்ப்யூட்டர். மூன்றுக்கும் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் போவோம். உறையை எடுத்து மடித்து வைப்பதற்குள் கரண்ட் போய்விடும். லோயர் கேம்பில் மலைமேலிருந்து குழாயில் தண்ணீர் இறங்கி மின்சாரம் ஆகிறது, அதைப் பார்க்க வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். எங்களுக்கு என்னவோ அது வந்து சேர்வதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

டீச்சர் அப்போதுதான் படித்து முடித்து வந்திருந்தவர், எங்களைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். மிஷின் இல்லாமல் புரோகிராம் எப்படி நடத்துவது என்று கொஞ்ச நாள் விழித்தார். பிறகு எங்களையே மிஷின் ஆக்கிவிட்டார். கம்ப்யூட்டருக்குள் எண்களைப் போட்டு வைக்கப் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிள்ளை. கையில் ஒரு சிலேட்டு. ஒருத்தி புரோகிராமை வரிவரியாக வாசிப்பாள். வரி என்ன சொல்கிறதோ அதை நாங்கள் செய்ய வேண்டும்.

'ஐ' என்பது எண்ணிக்கொண்டே போகிற பெட்டி. ஒன்று என்று எழுதிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். சிலேட்டில் உள்ளதைக் கொண்டுபோய் 'கூட்டல்' பெட்டியிடம் கொடுத்துவிட்டு வந்து, அழித்து, இரண்டு என்று எழுத வேண்டும். மறுபடி நடை. நாள் முழுக்க இப்படி நடக்க யாரைப் போடலாம் என்று டீச்சருக்கு யோசிக்கவே தேவை இருக்கவில்லை. 'கூட்டல்' பெட்டி என் பக்கத்து பெஞ்சுக்காரி. திராட்சைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிக் கூட்டி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

டீச்சர் போர்டில் எழுதிப்போட்ட முதல் புரோகிராம், ஐந்துக்குக் குறைவான எண்களைக் கூட்டுவது. நான் ஒன்று கொடுத்தேன், இரண்டு கொடுத்தேன், மூன்று, நான்கு கொடுத்தேன். ஐந்து என்று எழுதிக்கொண்டு எழுந்தேன்.

"அஞ்சு அஞ்சைவிடச் சின்னதா?" என்றார் டீச்சர்.

"இல்லை" என்று வகுப்பே கத்தியது.

"அப்ப நீ உக்காரு."

எனக்கு வந்ததே கோபம். "இவ்வளவு தூரம் எழுதிட்டேன்ல டீச்சர், இதையும் குடுத்துட்டு உக்காந்துக்கிறேனே."

"வரியில குடுன்னு இருக்கா?"

"இல்ல."

"பெறகு? மிஷினுக்கு மூளை கிடையாது. இந்த ஒரு மணி நேரத்துக்கு ஒனக்கும் வேணாம். உக்காரு புள்ள."

உட்கார்ந்தேன். கொடுக்க முடியாத ஐந்தைச் சிலேட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி எத்தனை தடவை உட்கார்ந்திருப்பேன் என்று தெரியாது, ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான்.

எங்கள் வீடு கூடலூரில். அப்பா ஜீப் ஓட்டினார். விடியற்காலையில் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். அந்த ஜீப்பில் டீசல் முள் எந்நேரமும் ஃபுல்லில்தான் நிற்கும். அதை நம்பி ஒருதடவை மலை ஏற்றத்தில் நடுவழியில் வண்டி நின்று, அத்தனை பெண்களும் இறங்கி நடந்து, ஊர் வந்து சேரும்வரை அப்பாவைக் கேலிபேசித் தீர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். முள்ளை மாற்றலாமே என்றால், "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்பார்.

நான் கம்ப்யூட்டர் குரூப் எடுத்தது ஜீப் ஸ்டாண்டில் பெரிய பேச்சாக இருந்தது. கம்ப்யூட்டர் படித்தால் நேரே அமெரிக்காதான் என்றார் ஒருவர். அடுத்த வருஷம் அதே மனிதர், அங்கே கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு அனுப்புகிறார்களாம், பேப்பரில் போட்டிருக்கிறது, கம்ப்யூட்டர் கதை முடிந்தது என்றார். அத்தை எனக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் பார்த்து வைத்திருந்தாள். அப்பாவுக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "இந்தா பாரு ஆத்தா, தேனியில பி.எஸ்ஸி. கம்ப்யூட்டருக்கு மார்க்கை வச்சு சீட்டு குடுத்தாகன்னா படி. நன்கொடை அது இதுன்னு கேட்டாகன்னா என்னால ஆகாது. அத்தை சொன்னபடி போயிர வேண்டியதுதான்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தக் கல்லூரியில் முதலில் பார்ப்பது கம்ப்யூட்டர் பாடத்தின் மார்க். அதில் பிராக்டிகல் மட்டும் ஐம்பது. அந்த ஐம்பதும் முழுசாகக் கையில் இருந்தால்தான் எனக்கு வழி உண்டு என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். எழுத்துத் தேர்வில் நான் எப்படி எழுதுவேன் என்பது அவருக்குத் தெரியும்.

பிராக்டிகல் அன்று வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் வருசநாட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். கம்ப்யூட்டரையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். சிரித்த முகம். "பயப்படாம எழுதுங்க, நானே பயந்துக்கிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார். எங்கள் பேட்ச்சில் எட்டுப் பேர். ஒன்று முதல் பத்து வரை உள்ள எண்களைக் கூட்ட ஒரு புரோகிராம் எழுது என்பது கேள்வி. இவ்வளவு சுலபமா என்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பேப்பரில் எழுதிக் கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இனி மிஷினில் அடித்து, ஓடவிட்டு, விடையைக் காட்ட வேண்டும். முதல் மூன்று பேர் போய் உட்கார்ந்தார்கள். கரண்ட் போய், யூ.பி.எஸ். கீகீ என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது.

காத்திருந்தோம். ஆளை அனுப்பி விசாரித்ததில் எங்கேயோ லைனில் வேலை நடக்கிறது, எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்றார்கள். எக்ஸாமினர் வாட்சைப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். பாவம், நல்ல மனிதர். "ஒண்ணு செய்வோம். ஒங்க புரோகிராமை ஓட்டுனா என்ன விடை வரும்னு அதுக்கு அடியில எழுதிக் குடுங்க. அதை வச்சு மார்க் போட்டுருதேன். ஒங்க தப்பு எதுவும் இல்லையே" என்றார்.

ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினால் ஐம்பத்தைந்து. யாருக்குத் தெரியாது? எல்லாரும் குனிந்து எழுதினார்கள். நான் மட்டும் பழக்க தோஷத்தில் முதல் வரியிலிருந்து போனேன். ஒன்று என்று எழுந்தேன், கொண்டுபோய்க் கொடுத்தேன், திரும்பி வந்தேன். ஒன்பதையும் கொடுத்தாயிற்று. பத்து என்று எழுந்தேன். பத்து பத்தைவிடச் சின்னதா?

நாங்கள் எழுதியிருந்தது டீச்சர் போர்டில் போட்ட அதே புரோகிராம். ஐந்து இருந்த இடத்தில் பத்தைப் போட்டிருந்தோம், அவ்வளவுதான். அது பத்துக்குக் குறைவானதைக் கூட்டும். பத்தைக் கூட்டாது. நாற்பத்தைந்துதான் வரும்.

பேப்பரில் கையெழுத்து ஆகிவிட்டது. புரோகிராமில் கை வைக்க முடியாது. ஐம்பத்தைந்து என்று எழுதினால் ஐம்பது மார்க், தேனி. சத்தியமாக எழுதத்தான் நினைத்தேன். கை எழுதவில்லை. நாற்பத்தைந்து என்று எழுதி, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எக்ஸாமினர் பேப்பர்களை வாங்கி டிக் போட்டுக்கொண்டே வந்தார். என்னுடையதில் பேனா நின்றது. என்னை முன்னால் கூப்பிட்டார்.

"ஏம்மா, எட்டுப் பேரு புரோகிராமும் ஒண்ணுபோலதான் இருக்கு. ஏழு பேருக்கு அம்பத்தஞ்சு, ஒனக்கு மட்டும் நாப்பத்தஞ்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறந்தால் ஏழு பேருக்கும் மார்க் போகும். திரும்பிப் பார்த்தேன். ஏழு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பேசக் கூடாது, ஜன்னல் பக்கம் நின்று ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறந்ததிலிருந்து வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பதட்டத்துல எழுதிட்ட போல. பரவால்ல, அடிச்சுட்டு மாத்தி எழுது" என்று பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது, கோபமும் சேர்ந்து வந்தது.

"மாத்த முடியாது சார். பத்து வந்ததும் உக்காந்துரும்."

"என்னது உக்காந்துரும்?"

பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. திராட்சைத் தோட்டத்துப் பிள்ளை எழுந்து நின்றிருந்தாள். வாயைத் திறக்காத அந்த ஊமைக்கோட்டான்.

"ஆமா சார். எனக்குப் பத்து வந்து சேராது. அது உக்காந்துரும். நான் அம்பத்தஞ்சுன்னு எழுதினது தப்பு" என்றாள்.

அவளுக்கும் அந்த ஐம்பது மார்க் வேண்டியதுதான். யார் அவளைக் கேட்டார்கள்? சும்மா இருந்திருக்கலாம். எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எங்க, காட்டுங்க பாப்போம்" என்றார். சிலேட்டுகள் பீரோவுக்கு மேலேயே இருந்தன. நான் எழுந்தேன், நடந்தேன், கொடுத்தேன். அவள் கூட்டினாள். பத்து வந்தது. மற்ற ஆறு பேரும் ஒரே குரலில் "உக்காரு" என்றார்கள். உட்கார்ந்தேன். அவள் சிலேட்டைத் திருப்பிக் காட்டினாள். நாற்பத்தைந்து.

எக்ஸாமினர் சிலேட்டையும் பேப்பரையும் மாறிமாறிப் பார்த்தார். "நானும் பாக்காம டிக் போட்டிருக்கேனே" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தார். பிறகு ஏழு பேப்பர்களையும் திருப்பிக் கொடுத்தார். "கரண்ட் இருந்திருந்தா ஓட்டிப் பாத்துத் திருத்தியிருப்பீக. இப்ப ஓட்டிப் பாத்தாச்சு. புரோகிராமைத் திருத்துறவுக திருத்துங்க" என்றார். ஏழு பேரும் வேகவேகமாகத் திருத்தினார்கள்.

என் பேப்பரை மட்டும் கொடுக்கவில்லை. கை நீட்டினேன். "ஒன்னோடது அப்படியே இருக்கட்டும்" என்று மடித்து உறைக்குள் வைத்துவிட்டார்.

அதற்கு என்ன அர்த்தம்? பஸ் ஸ்டாண்டு வரை யோசித்துக்கொண்டே போனேன். ஏழு பேர் பேப்பரிலும் சரியான புரோகிராம், சரியான விடை. என்னுடையதில் தப்பான புரோகிராம், தப்பான விடை. வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "எழுதித் தொலைச்சிருக்கலாம்ல ஆத்தா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அத்தை டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப்போட பாரம் வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கோடை முழுக்க அது அங்கேயே இருந்தது. சாமி கும்பிடும்போதெல்லாம் அதைத்தான் கும்பிடுகிற மாதிரி இருந்தது.

மார்க் ஷீட் வாங்க அப்பாவும் ஜீப்பில் கூட வந்தார். ஆபீஸ் ஜன்னலில் வாங்கி, கம்ப்யூட்டர் வரியில் விரலை வைத்தேன். எழுத்துத் தேர்வு டீச்சர் நினைத்த அளவுதான். அதற்குப் பக்கத்தில் பிராக்டிகல். ஐம்பதுக்கு ஐம்பது.

டீச்சர் வராந்தாவில் நின்றிருந்தார். அவரிடம் ஓடினேன். "தெரியும் புள்ள" என்றார். "அன்னைக்குப் போகும்போது எக்ஸாமினர் சொன்னாக. இந்தப் பிள்ளை மாத்தி எழுதிச்சுன்னா இதுவா ஓட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சுச்சுன்னு மேல காட்டுறதுக்கு எனக்கு ஒண்ணும் இருக்காது, அப்படியே இருந்தாத்தான் முழு மார்க்கும் போட முடியும்னாக. முன்கூட்டிச் சொல்லக் கூடாதுன்னு நானும் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்." அவ்வளவு நாள் நான் தின்ற சோறு செரிக்காமல் கிடந்ததற்கு அவரை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.

அப்பா மார்க் ஷீட்டை வாங்கித் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார்.

"அம்பதுக்கு அம்பதா? தப்பா எழுதுனதுக்கா?"

"இல்லப்பா. தப்பு எங்க இருக்குன்னு எழுதுனதுக்கு."

அவர் மார்க் ஷீட்டை மடிக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டு, ஜீப்பைச் சுற்றி வந்து டேங்க் மூடியைத் திறந்தார். குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று எனக்கும் காட்டினார்.

"தேனி வரைக்கும் தாங்கும். ஏறு" என்றார்.