என்னைச் சுமந்த ஏகாம்பரம் மச்சான்

டயாலிசிஸ் இயந்திரத்தோடு கை பிணைக்கப்பட்டுப் படுத்திருந்தேன். வார்டு வாசலில் பாஷா பாய் வந்து நின்றார். எங்கள் ஸ்கூட்டரைப் பழுது பார்க்கும் மெக்கானிக் அவர். கையில் வண்டிச் சாவி இருந்தது. அன்று காலை என்னை அங்கே இறக்கிவிட்ட என் மனைவியின் அண்ணன் ஏகாம்பரம், ஆயில் மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லி அவர் கடைக்குத்தான் போயிருந்தார்.

"வண்டிக்கு என்னாச்சு பாய்?" என்று கேட்டேன்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றார்.

கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மச்சான் அப்படியே சாய்ந்துவிட்டாராம். தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை. என் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போகவும் வழியில்லை. துக்கம் வருவதற்குள் இன்னொரு எண்ணம் முந்திக்கொண்டு வந்தது. அடுத்த முறை என்னை யார் கூட்டி வருவார்கள்? இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அவரைப் பற்றிய கட்டுரையில் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

மச்சான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர். எதற்கும் பதறுவார். எங்கள் கல்யாணத்தன்று தாலி பத்திரமாக இருக்கிறதா என்று ஐயரையே நச்சரித்தவர். பூட்டிய கதவைத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கமாகவே இருந்தது.

என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது, வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு, ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்றார் டாக்டர். மறுநாளே மச்சான் செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரோடு நின்றார். மீட்டர் ஒரு முழுச் சுற்று ஓடி முடித்துப் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்த வண்டி. இதுவா என்று நான் பார்த்த பார்வை அவருக்குப் புரிந்துவிட்டது.

"பழசுதான் மாப்ள. ஆனா உங்கள நடு வழியில விட்றாது. நான் பாத்துக்கறேன்," என்றார்.

அன்றிலிருந்து அவருடைய பதற்றம் முழுவதும் அந்த எஞ்சினுக்குள் குடியேறியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை முறுக்க மாட்டார்; சற்று நேரம் தானாக ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். நமது செம்மண் புழுதிக்குப் பயந்து ஏர் ஃபில்டரை அடிக்கடி கழற்றித் தட்டுவார். பெல்ட் அறுவதற்கு முன்பே மாற்றிவிடுவார். பாதி வழியில் திடீரென்று வேகத்தைக் குறைத்து, ஏதோ சத்தம் வருகிறதே, கேட்கிறதா என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. திரும்பும்போது எனக்குத் தலை சுற்றும் என்பதால், தன் துண்டால் எங்கள் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார். பார்ப்பவர்கள் சிரித்தால் அவருக்குக் கவலையில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொள்வேன்.

பௌர்ணமி நெருங்கினால் அவருக்குத் தூக்கம் போய்விடும். கிரிவலக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தே போகவேண்டும், எஞ்சின் கொதிக்கும், ஆட்டோவும் கிடைக்காது. அப்படி ஒரு பௌர்ணமியில்தான் அது நடந்தது. பழைய எஞ்சின் ஆயிலைக் குடித்துவிடும் என்று பயந்து, முந்தின நாள் அளவுக்குச்சியில் உள்ள கோட்டுக்கு மேலே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிவிட்டார். கூட்டத்தின் நடுவே வண்டி குபுகுபுவென்று வெள்ளையாகப் புகைந்து நின்றது. பக்தர்கள் இருமிக்கொண்டே விலகினார்கள். என்னை உட்காரவைத்தபடியே வண்டியைத் தள்ளத் தொடங்கினார். இறங்குகிறேன் என்றால் விடவில்லை. அவர் கழுத்து நடுங்கியது எனக்குத் தெரிந்தது. ஒரு போலீஸ்காரர் ஜீப்பில் ஏற்றி அனுப்பியதால் அன்று தப்பித்தேன்.

"ஆயில் கம்மியானா எஞ்சின் தேயும். ஜாஸ்தியானா மூச்சு முட்டும். கோட்டோட நிறுத்துங்கண்ணா," என்று பாஷா பாய் சொன்னாராம். அதற்குப் பின் சமதரையில் ஸ்டாண்டு போட்டு, அளவுக்குச்சியைத் துடைத்துத் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது மச்சானுக்குப் பூஜை மாதிரி ஆனது. வண்டியை வேறு யாரையும் தொடவிடவில்லை. கல்லூரியில் படிக்கும் தன் மகள் கவிதா எத்தனை முறை கெஞ்சியும் சாவி தரவில்லை. நீ முறுக்குவாய், மாமாவுக்கு வண்டி வேண்டும் என்றே சொல்லி வந்தார்.

அவரை எரியூட்டிய மறுநாள் பால் தெளிப்பு. அன்றுதான் என் அடுத்த டயாலிசிஸ். வேங்கிக்கால் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நான் ஒரு மூலையில் நாற்காலியில் இருந்தேன். முகம் வீங்கத் தொடங்கி, மூச்சும் கனத்தது. சாவு வீட்டில் வாய் திறந்து எப்படிக் கேட்பது? என் மனைவி சாந்தி அண்ணனை நினைத்து அழுது ஓய்ந்து படுத்திருந்தாள். ஆட்டோவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

நான் அக்கா என்று அழைக்கும் மச்சானின் மனைவிதான் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து மகளிடம் நீட்டினார்.

"மாமாவுக்கு இன்னிக்கு ஆஸ்பத்திரி. வண்டிய எடு."

பால் தெளிக்கும் நேரத்தில் பெற்ற பெண் வெளியே போவதா என்று பெரியவர் ஒருவர் முணுமுணுத்தார்.

"அவருக்குப் பால் ஊத்த இத்தினி பேர் இருக்கீங்க. தம்பிய கூட்டிட்டுப் போக அவர் ஒருத்தர்தான் இருந்தாரு," என்றார் அக்கா.

கவிதா ஓட்டினாள். எங்கே பழகினாள் என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டேதான் ஓட்டினாள். ஆனால் ஒரு இடத்திலும் முறுக்கவில்லை. வண்டி நிற்காமல் ஓடியது. வார்டில் என் கட்டிலைத் தயாராக வைத்திருந்தார்கள்.

மச்சான், ஊசி ஏற்றியாகிவிட்டது. நான் நேரத்துக்கு வந்துவிட்டேன். வாசலில் உங்கள் பெண் காத்திருக்கிறாள். இனி நீங்கள் பதறாமல் போகலாம்.