கடைசிப் பக்கத்தை அடிக்க மறுத்தவர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த டைப்பிங் கடையில்தான், அங்கே டைப் அடிக்கும் அந்த அம்மாவைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும். எதையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டேதான் அடிப்பார்.

நான் கொடுத்தது ஒரு குறுநாவல். கூலி வேலை செய்யும் பெண் ஒருத்தி, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லையில் உள்ள பாழுங்கிணற்றில் இறங்கி வேறோர் உலகத்துக்குப் போகிறாள். அங்கே அவளையும் நாற்காலியில் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். எந்த உலகம் வேண்டும் என்று கேட்டபோது, சொந்த மண்தான் பெரிதென்று திரும்பி வந்துவிடுகிறாள்.

கடைசிப் பக்கத்தில் அவர் கை நின்றது.

“எதுக்கு சார் திரும்பி வர்றா?”

“பொறந்த மண்ணும்மா. விட முடியுமா?”

“அந்தக் கொல்லை யாருது சார்?”

எங்கள் கொல்லையை நினைத்துத்தான் எழுதியிருந்தேன்.

“அங்க உக்கார வெச்சுப் பேசுறாங்க. இங்க வந்தா மறுபடியும் நின்னுக்கினு கெடக்கணும். இத நான் அடிக்க மாட்டேன். வேற கடையில குடுத்துக்குங்க.”

அடித்த பக்கங்களை அடுக்கி, கடைசித் தாளைத் தனியாக என் கையில் கொடுத்தார். கோபத்தோடு விழுப்புரம் பஸ் ஏறினேன். அங்கே டைப்பிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எதிலும் நுழைய மனம் வரவில்லை.

அவள் அந்த உலகத்திலேயே இருக்கட்டும் என்று எழுதப் பலமுறை உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கொல்லை அறுவடைக்கு ஆள் குறையுமே என்றுதான் முதலில் தோன்றுகிறது.