பேஸ்மென்ட்டில் நான், பாத்ரூமில் அவர்கள்

வெந்நீர் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்வரை எங்கள் தொழிலில் எவன் பெயரும் யாருக்கும் தெரியாது. நின்ற நிமிஷம் எங்கள் போன் நம்பர் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். நியூஜெர்சியில் என் மனைவிக்கு ஐ.டி. வேலை, எனக்குப் பாய்லர் ரிப்பேர். ஜனவரியில் குழாயைத் திறந்து, ஐஸ் தண்ணீர் பட்டுத் துள்ளிய அனுபவம் உள்ளவர்களே, இது உங்களுக்குத்தான்.

மீட்டிங் நுரை

இங்கே பல வீடுகளில் அறைகளைச் சூடாக்குவதும் குளிக்க வெந்நீர் தருவதும் ஒரே பாய்லர். எடிசனில் கோயம்புத்தூர்க்காரர் செந்தில் வீட்டில் ஹீட்டிங் குழாயை இடம் மாற்றப் போனேன். "பத்திலிருந்து பத்தரை வரை வெந்நீர் வராதுங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே "ஓகே, ஓகே" என்றார்.

பத்தே காலுக்கு பேஸ்மென்ட் படியில் தடதடவென்று சத்தம். தலை நிறைய ஷாம்பு நுரை, இடுப்பில் டவல், கையில் போன், பல் தந்தியடிக்க செந்தில் நின்றார். "அண்ணே, மீட்டிங்ல கேமராவ ஆன் பண்ணச் சொல்றாங்க, ஒரு சொம்பு வெந்நியாவது குடுங்க!"

பிளான் பி

அனுராதா சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவர். அவர் வீட்டில் ஒழுகும் வால்வைச் சரிசெய்ய நான் ஸ்பானரை எடுப்பதற்குள், "ஏதாவது சொதப்பினா பிளான் பி என்ன?" என்று கேட்டார். "இருபது வால்வு பாத்தவன் மேடம்" என்று சிரித்தேன். அடுத்த நிமிஷம் இருபத்தொன்றாவது வால்வின் கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது.

பாய்லரையே நிறுத்த வேண்டியதாயிற்று. நல்லவேளை, வேனில் தண்ணீர் சுடவைக்கும் சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர் ஒன்று கிடந்தது. அதைக் குளியலறைக் குழாயோடு இணைத்து, சாயங்காலம்வரை சமாளித்தேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேக்கப் வேன்லயே இருந்திருக்கு, பதில்தான் உங்ககிட்ட இல்ல."

முழங்கை

ரேவதிக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். அன்று காலைதான் தொப்புள்கொடி விழுந்திருந்தது. முதல் தொட்டிக் குளியல். வெளியே பனி கொட்டுகிறது, ஹாலுக்குப் போகும் ஹீட்டிங் குழாய் ஒழுகுகிறது. கணவன் கண்ணன் வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தான். துணைக்கு வேறு ஆளில்லை.

ஹால் குழாயை மட்டும் அடைத்துவிட்டால் மாடியில் சூடும் வெந்நீரும் தப்பிக்கும். ஆனால் வால்வு துருப்பிடித்திருந்தது. அது உடைந்தால் இந்தக் குளிரில் பச்சைக் குழந்தை இருக்கும் வீடே ஜில்லிட்டுப் போகும். குளியலுக்காவது ஆகட்டும் என்று பிளான் பி ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்ணெய் விட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி மூடினேன். பிறகு ஒரு கை ஹால் குழாயில், ஒரு கை வெந்நீர்க் குழாயில். கால் மணி நேரத்தில் முதலாவது ஆறியது; இரண்டாவது சுட்டது. அப்போதுதான் மூச்சே விட்டேன்.

"வெந்நி வருது!" என்று மேலிருந்து ரேவதி கத்தினாள். சூடு சரியா என்று பார்க்க அவளுக்கும் பயம், கண்ணனுக்கும் பயம், என்னைக் கூப்பிட்டார்கள். சேலத்திலிருந்து வீடியோ காலில் இருந்த ரேவதியின் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாய்லர்காரரே, கையெல்லாம் கிரீஸு, நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு, தண்ணில முழங்கைய விட்டுச் சூடு பாருங்க!"

குழாயை மாற்றுவது பாதி வேலைதான். அந்த நேரம் பார்த்து வீட்டில் யாருக்காவது குளிக்கத் தோன்றும் பாருங்கள், அதைச் சமாளிப்பதுதான் மீதி.