மூன்று போர்டுக்கு ஒரு முன்னறை

டியூஷன் வாத்தியார் என்பவர் ஒரே பாடத்தை ஒரே மாலையில் மூன்று விதமாக நடத்திவிட்டு, மூன்றும் சரிதான் என்று மூன்று வீட்டுக்கும் சத்தியம் செய்து கொடுக்கிறவர்.

இதைப் படிக்கிறவர்களில் டியூஷன் எடுப்பவர்கள் இருந்தால் தலையாட்டுவீர்கள். பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிறவர்கள் இருந்தால் உங்கள் பாடு எனக்கும் தெரியும். கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பகுதியில், என் வீட்டு முன்னறையில் கணிதமும் அறிவியலும் நடத்துகிறேன். வருகிற பிள்ளைகளில் சிலர் ஸ்டேட் போர்டு, சிலர் சென்ட்ரல். மூன்றாவது போர்டு ஒன்றும் உண்டு. அது எங்கள் ஊரில் கான்வென்ட்டுகளில்தான் இருக்கிறது என்பதால் பிள்ளைகள் அதைக் கான்வென்ட் போர்டு என்றே சொல்வார்கள். இந்த மூன்றும் ஒரே அறையில் கூடினால் என்ன ஆகும் என்று எனக்கு எப்போதுமே ஆவல் உண்டு. இந்த வருடம் அந்த ஆவலோடு ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. ஒன்பதாம் வகுப்பு நிவேதா பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்க முடியுமா, முடியாதா என்பதுதான் அது.

ஷிப்ட் பிரித்தது

ஆரம்பத்தில் போர்டுக்கு ஒரு ஷிப்ட் என்று நேரம் பிரித்தேன். சுரங்கம் ஓடிய ஊரில் ஷிப்ட் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் மறந்தது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை. மூத்த பிள்ளையைச் சேர்த்த பள்ளி மனதுக்கு ஒப்பவில்லை என்றால் இளையதை வேறு போர்டில் போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் ஊரிலேயே பாலகாட் பகுதியில் இருக்கும் செல்வம் வீட்டில் அப்படித்தான். பெரியவள் ஷர்மிளா ஸ்டேட், பத்தாம் வகுப்பு. சின்னவள் நிவேதா சென்ட்ரல், ஒன்பதாம் வகுப்பு.

செல்வம் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பெரியவளை நாலு மணிக்குக் கொண்டுவந்து விட்டு, ஐந்தரைக்கு அழைத்துப்போய், அதே ஸ்கூட்டரில் சின்னவளை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு வாரம் பொறுத்தார். அடுத்த திங்கட்கிழமை ஸ்கூட்டரை நிறுத்தாமலே சொன்னார்: "இன்னா சார், ஃபாக்டரியில எனக்கு ஒரு ஷிப்ட்டு. உங்க ரூமுக்கு ஆள எறக்கி ஏத்த ரெண்டு ஷிப்ட்டு. நான் இன்னா மைன்ஸ்ல லிப்ட்டு ஓட்டற கேஜ் ஆபரேட்டரா?"

ஒரே அறை, மூன்று வரிசை

அன்றிலிருந்து எல்லோரும் ஒன்றாக. ஜன்னல் ஓரம் ஸ்டேட், நடுவில் சென்ட்ரல், சுவர் ஓரம் கான்வென்ட். ஒரு வரிசைக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் பாடம் நடத்துவேன். கணக்குப் போடுகிறவர்கள் காதை மூடிக்கொண்டா போடுவார்கள்? நான் எதிர்பார்க்காதது அதுதான்.

ஒருநாள் தனிம வரிசை அட்டவணையைச் சுவரில் மாட்டி, கான்வென்ட் வரிசைக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் தேடுவது ஒன்றைத்தான். தங்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எல்லா வரிசையும் எழுந்து வந்துவிட்டது. நிவேதாதான் முதலில் கண்டுபிடித்தாள். "அடுத்த வருஷம் எங்களுக்கு இந்தப் பாடம் வருமா சார்?" என்று கேட்டாள். அவளுடைய போர்டில் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அந்தப் பாடத்தை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் படத்திலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள்: "ஊர்ல மைன்ஸ மூடிட்டாங்க, புக்குல பாடத்த மூடிட்டாங்க. எங்க லைனுக்கு மட்டும் தங்கம் ராசியில்ல சார்."

அக்காவின் புத்தகம்

அக்கா தங்கை இருவரின் அம்மா தேவகி தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். ரயிலில் உட்கார இடம் கிடைத்த ஒருநாள் நிவேதாவின் அறிவியல் புத்தகத்தை எடுத்துப் படித்திருக்கிறார். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று, வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த ஷர்மிளாவின் போன வருடப் புத்தகத்தை இறக்கிப் பார்த்திருக்கிறார். அட்டை வேறு, போர்டு வேறு. உள்ளே பாடம், படம், செய்முறை எல்லாம் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கணிதம், அறிவியல் இரண்டுக்கும் ஸ்டேட் போர்டு மத்தியப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டது, பத்தாம் வகுப்பில் அங்கே நீக்கிய சில பாடங்கள் இங்கே இன்னும் இருக்கும், மற்றபடி கேள்வி கேட்கிற விதம்தான் மாறும் என்று விளக்கினேன். ஷர்மிளாவிடம் 'உராய்வு என்றால் என்ன, இரண்டு உதாரணம் தா' என்று கேட்பார்கள். நிவேதாவிடம் வழுக்கி விழுந்த ஒருவனைப் பற்றி ஒரு பத்தி கொடுத்து, அவன் ஏன் விழுந்தான் என்று கேட்பார்கள். தேவகி இரண்டு புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்போ எங்க பொண்ணுங்க எந்த போர்டுல படிக்குதுங்கன்னு பரீட்ச அன்னிக்குதான் தெரியுமா சார்?"

பக்கத்து வரிசைக் கணக்கு

கான்வென்ட் வரிசையில் ராபின் என்று ஒரு பையன், பத்தாம் வகுப்பு. அவனுடைய பாடத்தில் விகிதச் சமன்பாட்டுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. காம்பொனெண்டோ-டிவிடெண்டோ என்று பெயர். மற்ற இரண்டு போர்டிலும் அது கிடையாது. ஒரு பின்னத்தில் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை அதே இரண்டையும் கழித்து வந்ததால் வகுக்க வேண்டும். சமக்குறிக்கு அந்தப் பக்கமும் அதே வேலை. முழுப் பக்கம் போகிற கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும்.

நடு வரிசையில் இருந்த நிவேதாவுக்கு அந்தப் பெயரும் பிடித்துவிட்டது, வேலையும் பிடித்துவிட்டது. பிடித்ததைப் பரீட்சையிலும் எழுதினாள். புத்தகத்தில் இல்லாத வழி என்று அதை அடித்துவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் ஒரு கணக்கோடு போயிருக்கும். வேறு கணக்குகளையும் அந்த அச்சில் வார்க்க முடியுமா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்ததில் நேரம் போய்விட்டது. கடைசிப் பகுதி முழுக்க வெள்ளைத்தாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த செல்வம், கணக்கு மிஸ் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "'உங்க பொண்ணு பக்கத்து வீட்ல சாப்ட்டுட்டு வந்து எங்க வீட்ல ஏப்பம் வுடுது'ன்னு சொல்றாங்க சார்."

எது சுலபம்

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். சென்ட்ரல் போர்டில் பத்தாம் வகுப்புக் கணிதம் இரண்டு விதம். பேசிக், ஸ்டாண்டர்ட். பாடம் ஒன்றுதான், கேள்வித்தாள் வேறு. பேசிக் தாள் எளிது. ஆனால் அதை எழுதியவர்களுக்குப் பதினொன்றில் கணிதப் பிரிவு தருவதில்லை என்பது அந்தப் பள்ளியின் கட்டுப்பாடு. யார் யார் எது என்று பெயர் கொடுக்கும் நேரம் வந்திருந்தது. நிவேதாவுக்குப் பேசிக் என்று பள்ளியில் தீர்மானித்துவிட்டார்கள்.

செல்வத்துக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. சுலபமாக இருந்தால் நல்லதுதானே என்றார். நிவேதா வாசற்படியில் நின்றுகொண்டு செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். கணக்கு இல்லாத பதினொன்றாம் வகுப்புக்குப் போக மாட்டேன் என்றாள். "உன்ன யாரு அந்தப் பையன் கணக்க எழுதச் சொன்னது?" என்றார் அப்பா. அவள் கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்: "விட சரியா வந்துச்சுப்பா. சரியா வந்தத எப்படித் தப்புன்னு போடுறாங்கன்னு சும்மா பாக்கணும்னுதான் எழுதினேன்."

ஏன் வருகிறது

மறுநாள் அவள் நேராக ராபினிடம் போனாள். கூட்டி, கழித்து, வகுத்தால் எப்படி அது சரியாக வருகிறது என்று கேட்டாள். ராபின் கெட்டிக்காரன். பெயரைச் சொன்னால் போதும், பேனா ஓடும். ஆனால் இந்தக் கேள்வி அவனுக்குப் புதிது. புத்தகத்தைப் புரட்டினான். அந்தப் பக்கத்தில் சூத்திரம் ஒரு கட்டத்துக்குள் இருந்தது. காரணமும் அதற்கு மேலேயே சின்ன எழுத்தில் இருந்ததைப் பிறகு நான் பார்த்தேன். அவன் கண் கட்டத்தை விட்டு வெளியே வந்ததில்லை.

என்னைக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தன் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தையும் ஒரு வெள்ளைத்தாளையும் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். ராபினுக்கு மனசு கேட்கவில்லை. போகும்போது சமாதானமாகச் சொல்லிவிட்டுப் போனான்: "அத போட்டா மார்க் வரும் நிவி. ஏன் வருதுன்னு கேட்டா மார்க் கிடையாது, அதான் எங்க மிஸ் அத ப்ளாக்போர்டுல எழுதறதே இல்ல."

ரெஜினா மிஸ்

பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தைய நாள், செல்வம் என்னையும் பள்ளிக்கு அழைத்துப் போனார். டியூஷன் வாத்தியார் பள்ளிக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த தரகரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். கணக்கு ஆசிரியை ரெஜினா மிஸ் அப்படிப் பார்க்கவில்லை. நாற்காலி போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "போர்டு பேப்பர் எந்த ஊருக்குப் போகும்னு எனக்குத் தெரியாது சார். யார் திருத்துவாங்கன்னும் தெரியாது. நல்லவங்களா இருந்தா மார்க் போடுவாங்க. அவசரமா இருந்தா, நம்ம புக்குல இல்லன்னு அடிச்சிட்டுப் போயிடுவாங்க. அந்த அவசரக்காரங்களுக்காகத்தான் நான் இப்பவே அடிக்கிறேன்."

பிறகு நிவேதாவிடம் சாக்பீஸைக் கொடுத்தார். x + 3 ஐ x − 3 ஆல் வகுத்தால் 5/2 என்று கரும்பலகையில் எழுதினார். "இதப் போடு. நம்ம புக்குல இருக்கறத வெச்சு மட்டும் போடு."

நிவேதா முதலில் இரண்டு பக்கமும் ஒன்றைக் கூட்டினாள். இடது பக்கம் மேலே 2x வந்தது, வலது பக்கம் 7/2. அதற்குப் பக்கத்தில், பழைய சமன்பாட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒன்றைக் கழித்தாள். மேலே வெறும் 6, வலது பக்கம் 3/2. இரண்டு சமன்பாட்டுக்கும் கீழே இருந்தது அதே x − 3. முதலாவதை இரண்டாவதால் வகுத்ததும் அது அடிபட்டுப்போனது. 2x/6 = 7/3. x = 7 என்று எழுதிவிட்டு, "இவ்ளோதான் மிஸ் அந்த காம்பொனெண்டோ. இரண்டு பக்கமும் ஒரே எண்ணக் கூட்டலாம், கழிக்கலாம்னு நம்ம புக்குலயும் இருக்குது. அவங்க அதுக்குப் பேரு வெச்சிகினாங்க" என்றாள்.

ரெஜினா மிஸ் பலகையில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். செல்வம் என்னைப் பார்த்தார், நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் டஸ்டரை எடுத்தார், அழிக்கவில்லை. "அந்த வெள்ளைத்தாள் விட்டியே, அதுக்கு இன்னா சொல்ற?" என்று கேட்டார். நேரத்தைக் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள் நிவேதா. இனி முதலில் எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் சோதனை செய்து பார்க்கிறேன் என்றாள். மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "ஸ்டாண்டர்ட்னே போடுறேன். ஆனா பரீட்சையில அந்தக் கூட்டின வரியையும் கழிச்ச வரியையும் நீ எழுதியே ஆகணும், திருத்தறவங்களுக்கு உங்க சாரோட ரூம்பு தெரியாது."

பாதிப்பு

பெயர் கொடுத்தாயிற்று. பத்தாம் வகுப்பில் அவள் எப்படி எழுதப்போகிறாள் என்று எனக்கோ ரெஜினா மிஸ்ஸுக்கோ தெரியாது, கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு வந்த பாதிப்பு வேறு. நிவேதா கரும்பலகையில் எழுதியதை அக்கா ஷர்மிளா ஜன்னல் ஓர வரிசைக்குச் சொல்லிவிட்டாள். ராபின் சூத்திரக் கட்டங்களுக்கு மேலே இருக்கிற சின்ன எழுத்தை எல்லாம் படிக்கத் தொடங்கிவிட்டான். மூன்று வரிசையும் 'ஏன்' என்று ஆரம்பித்தால் ஒரு வரிசைக்கும் போர்ஷன் முடிவதில்லை. போன வாரம் ராபினின் அப்பா ஸ்கெலட்டன் பகுதியிலிருந்து இதற்காகவே வந்தார். வாசலில் நின்றபடி பணிவாகத்தான் கேட்டார்: "பையன் முன்னெல்லாம் கேட்டா டக்குன்னு பதில் சொல்வான் சார், இப்ப திருப்பி என்னையே கேக்கறான், இது எந்த போர்டு சிலபஸ்?"

பாடத்தைச் சேர்க்கவும் நீக்கவும் மூன்று போர்டுக்கும் அதிகாரம் இருக்கிறது. நடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பக்கத்து வரிசைப் பாடம் கேட்காமல் செய்ய மட்டும் இதுவரை எந்த போர்டும் சுற்றறிக்கை அனுப்பவில்லை.